ஈயத்தோடு மல்லுக்கட்டு

கே: அமெச்சூர் ரேடியோ கிட் வாங்கி நானே சால்டரிங் செய்தேன். இரைச்சல்கூட வரவில்லை. ஒரு ஐ.சி.யைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. போர்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், தொப்பம்பட்டி, திண்டுக்கல்

ப: ஐ.சி.யை மட்டும் தூக்கிப் போடுங்கள். அதை முழுசாகக் காப்பாற்றுகிறேன் என்று இழுத்தால் போர்டின் செம்புத் தடமும் கூடவே பிய்ந்து வரும். கால்களைக் கட்டரால் நறுக்கி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். துளை அடைத்துக்கொண்டதா? ஈயம் உருகும்போது சிரிஞ்சு ஊசியை நுழையுங்கள். அது எவர்சில்வர், ஈயம் ஒட்டாது.

இரைச்சலே இல்லையென்றால் காயிலையும் சந்தேகப்படுங்கள். எனாமல் கம்பியைச் சுரண்டாமல் பற்றவைத்தால், ஈயம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். மின்சாரம் மட்டும், கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல வாசலோடு நின்றுவிடும். பிளேடால் செம்பு தெரியச் சுரண்டுங்கள். மல்டிமீட்டர் 'பீப்' என்றால்தான் நம்ப வேண்டும்.

உருண்டு திரண்ட இணைப்புகளுக்குக் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி மறுபடி சூடு காட்டுங்கள். 63/37 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயத்தை மட்டுமல்ல, காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும்.

காயிலே கெட்டுவிட்டதென்றாலும் கலங்காதீர்கள். ஐதராபாத் அஷர் ஃபர்ஹான், தன் 14 மெகாஹெர்ட்ஸ் 'பிட்எக்ஸ்' செட்டில் தண்ணீர்க் குழாய் வாஷரிலேயே காயில் சுற்றியவர். அதற்குத் திண்டுக்கல் ஹார்டுவேர் கடை போதும்.

செட் பேச ஆரம்பித்தாலும், லைசென்ஸ் வரும்வரை நீங்கள் பேசாதீர்கள்.