கணினிப் பெயரிலக்கணம்

1. தோற்றவியல்

கணினிக்குப் பெயர் தேவையில்லை, எண் போதும். ஐபி முகவரி எனப்படும் அந்த எண்ணை வைத்தே வலைப்பின்னலில் ஒரு கணினி இன்னொன்றைக் கண்டுகொள்கிறது. எண்ணை மறப்பவர் மனிதர் மட்டுமே. ஆகவே பெயர்ச் சேவை என்னும் இத்துறை மனித மறதியைத் தாங்குவதற்காக எழுந்தது என்பது முதற்கண் நிறுவத்தக்கது.

ஆதியில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற அந்தக் கோப்பில், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் கணினிகள் எல்லாம் பெயரும் எண்ணுமாக வரிசை கட்டி நின்றன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினிக்குப் பெயர் பதிய விரும்பியவர் அலுவலக நேரம் பார்த்து போன் செய்ய வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருகக் கோப்பும் பெருத்தது, பதிவதற்குள் பழசானது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்னும் பகிர்ந்தளிக்கப்பட்ட முறையை வகுத்தார். கோப்பு ஒழிந்ததா என்றால், இல்லை. ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்றும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் அது ஒரு மூலையில் கிடக்கிறது. பெரும்பாலான கணினிகள் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் அதைத்தான் புரட்டிப் பார்க்கின்றன.

2. வினாவியல்

டிஎன்எஸ் பெயர்களை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. ‘கல்லூரி.இன்’ என்றொரு தளத்தைத் தேடுவதாகக் கொள்வோம். ரிசால்வர் என்னும் பணியாளர் முதலில் ரூட் சர்வரிடம் போகிறார். “கல்லூரியை எனக்குத் தெரியாது, .இன் காரரைப் பாருங்கள்” என்று பதில் வருகிறது. .இன் சர்வரும் “எனக்குத் தெரியாது, அவர்களுடைய சொந்த சர்வரைப் பாருங்கள்” என்கிறது. மூன்றாவது இடத்தில்தான் எண் கிடைக்கிறது. அரசு அலுவலகத்தில் மேசை மேசையாக அலைவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இரண்டே: இங்கே ஒவ்வொரு மேசையும் சரியான அடுத்த மேசையைக் காட்டுகிறது, எந்த மேசையும் சாப்பிடப் போவதில்லை.

ரூட் சர்வர்களின் பெயர்கள் ஏ முதல் எம் வரை பதின்மூன்று. இந்தத் தொகை தத்துவத்தால் வந்ததன்று. தொடக்ககால டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அதில் அவ்வளவுதான் கொள்ளும். பெயர் பதின்மூன்றே ஆயினும், அவற்றின் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பணிபுரிகின்றன.

கிடைத்த பதிலை ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்கிறார். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை டிடிஎல் என்ற எண் நொடிக்கணக்கில் சொல்கிறது. 86400 என்றிருந்தால் ஒரு நாள். “டிஎன்எஸ் பரவ 24 மணி நேரம் ஆகும்” என்ற வழக்கு இதிலிருந்து பிறந்த பிழை. எதுவும் எங்கும் பரவுவதில்லை; பழைய நினைவுகள் காலாவதியாகின்றன, அவ்வளவே. “அப்படியொரு பெயரே இல்லை” என்ற பதிலும் இவ்வாறே நினைவில் வைக்கப்படும். பெயரைப் பதியும் முன்பே “வந்துவிட்டதா?” என்று தட்டிப் பார்த்தவருக்கு மட்டும் அது நெடுநேரம் வராதிருப்பதன் காரணம் இதுவே.

3. பெயரியல்

கணினிப் பெயர்கள் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இருவகைப்படும். ‘பேரோல்’, ‘மாடி பிரிண்டர்’ என்பன காரணப்பெயர்கள். காரணம் நீங்கிய பின்னும் பெயர் நிற்பது இவற்றின் குறை: மாடி பிரிண்டர் கீழே இறங்கி வந்த பிறகும் மாடி பிரிண்டரே; புதிதாகச் சேர்ந்தவர் காகிதத்தைத் தேடி மாடி ஏறுவார். கோள், நதி, மலர் எனத் தொகையாக இடப்படுவன இடுகுறிப்பெயர்கள். நவக்கிரகங்களின் பெயரை இட்ட அலுவலகம் பத்தாவது சர்வர் வாங்கும் நாளில் கூட்டம் போடும்.

1990-இல் வெளியான ஆர்எஃப்சி 1178 என்னும் இணைய ஆவணம் முழுக்க முழுக்க இந்தப் பொருளுக்கென்றே எழுதப்பட்டது. கணினி மேசைமேலேயே இருந்தாலும் அதற்கு உன் பெயரை வைக்காதே என்கிறது அந்நூல். வழக்கிலுள்ள சொல்லையும் வைக்காதே என்று கூறி ‘அப்’ என்று பெயரிடப்பட்ட கணினியைச் சான்று காட்டுகிறது. “அப் டவுனா?” என்று ஒருவர் கேட்பார். “மெஷினை பூட் அப் பண்ணு” என்றால் “எந்த மெஷினை?” என்பார் மற்றொருவர்.

புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி 63 பைட்டைத் தாண்டலாகாது. முழுப்பெயர் 255-ஐத் தாண்டலாகாது. தமிழில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற மூன்று மேல்நிலைப் பெயர்கள் உண்டு. ஆனால் கம்பிக்குள் நுழையும்போது அவை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக வேடம் மாறியே பயணம் செய்கின்றன.

4. அடைவியல்

பெயருக்கு எண் சொல்வது பெயர்ச் சேவை. ஒருவர் யார், எந்தப் பிரிவு, எந்த போன், எந்தக் கதவு திறக்கலாம் என்பதையெல்லாம் சொல்வது டைரக்டரி சேவை. 1988-இல் வந்த எக்ஸ்.500 என்னும் தரநிர்ணயம் இதை விரிவாக வகுத்தது. அதன் சுமை தாங்காமல் 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் பிறந்தது. பெயரிலேயே ‘லைட்வெயிட்’ உண்டு.

எல்டாப் தரத்தின்படி ‘ஆள்’ என்று பதியப்படும் எவருக்கும் இரண்டு கட்டாயம்: ஒன்று பெயர், மற்றொன்று சர்நேம். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழர், இந்த இலக்கணப்படி முழு ஆள் அல்லர். சர்நேம் கட்டத்தைச் சிலர் அப்பா பெயரால் நிரப்புகின்றனர்; சிலர் இனிஷியலால்; சிலர் தம் பெயரையே மறுபடி எழுதி; சிலர் ஒற்றைப் புள்ளி வைத்து. விளைவாக, கே. செல்விக்கு “டியர் மிஸ் கே” என்று மின்னஞ்சல் வருகிறது. புள்ளி வைத்தவருக்கு என்ன வரும் என்பது வாசகர் ஊகத்துக்கு உரியது.

5. ஒழிபியல்

கணினி மாறினால் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவைத் திருத்தினால் போதும். பெயர் மாறினாலோ, அது எழுதப்பட்ட ஒவ்வொரு கான்ஃபிக் கோப்பையும் ஸ்கிரிப்டையும் சான்றிதழையும் தேடிப் பிடிக்க வேண்டும். எனவே கணினி அழியும், பெயர் நிற்கும். சான்றுகள் மூன்று.

சன் என்னும் கணினி நிறுவனம் தன் டைரக்டரி சேவைக்கு ‘எல்லோ பேஜஸ்’ என்று பெயரிட்டது. அது பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக் குறி என்பதால் என்ஐஎஸ் என்று மாற்ற நேர்ந்தது. கட்டளைகள் மட்டும் இன்றும் ‘ஒய்பி’ என்றே தொடங்குகின்றன. சோவியத் யூனியனுக்கு 1990-இல் .எஸ்யூ கிடைத்தது, மறு ஆண்டே நாடு கலைந்தது, அந்தப் பெயரில் தளங்கள் பதிவது நிற்கவில்லை. எண்ணிலிருந்து பெயரைத் தேடும் வேலை .அர்பா என்ற பெயரின்கீழ் நடக்கிறது. அர்பாநெட் 1990-இல் மூடப்பட்டது. .அர்பாவோ முதலில் இடைக்கால ஏற்பாடாக வைக்கப்பட்ட பெயர். நீக்க முடியாமல், அந்த எழுத்துகளுக்கே புதிய விரிவு கண்டுபிடித்து வைத்துக்கொண்டனர்.

ஆதலின் விதி ஒன்றே. ‘டெம்ப்’, ‘டெஸ்ட்’, ‘நியூ’ ஆகிய மூன்றையும் எந்தக் கணினிக்கும் பெயராக வைக்கலாகாது. வைத்தவர் பணி ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அவர் போன பிறகு அடுத்தவர் தட்டச்சு செய்வார்.