சைலன்சர் வயிற்றில் சூட்சுமம்

கேள்வி: என் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் காற்று அதிகம் புகுந்து வேகம் கூடுமா?

பதில்: காற்று மட்டுமா புகும்? கூடவே புழுதியும் குடியேறும். சிலிண்டரும் பிஸ்டனும் தேயும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாவிட்டால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.

உங்கள் பைக் போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றை இழுக்கும் வித்தை சைலன்சரில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வால்டர் காடன் அதை மெருகேற்றினார். நடுவில் வயிறு பெருத்து, முனையில் ஒடுங்கும் குழாய். அதற்குள் ஓடும் அழுத்த அலை முதலில் புதுக் கலவையை சிலிண்டருக்குள் இழுக்கும். பிறகு திரும்பி வந்து, வெளியே நழுவியதையும் உள்ளே தள்ளும். என்ன அழகான யோசனை! 1961-இல் 125 சிசி எஞ்சினில் சுமார் 25 குதிரைத்திறன். அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, ரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

ஃபில்டரை இன்றே மாட்டிவிடுங்கள், தம்பி.