கி.மு.வுக்கு வந்த மவுசு

இப்போது காரைக்குடி கோர்ட் வாசல் டீக்கடையில் நின்று "கி.மு. 580" என்று சொன்னால், "எதுக்கு சார்?" என்று யாரும் கேட்பதில்லை. "கீழடியா?" என்கிறார்கள். அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி அது என்று டீ ஆற்றுகிறவரே எனக்குத் திருத்தம் சொல்கிறார். எண்பதுகளில் இதே மாதிரி ஒரு கடை வாசலில் பிராமிக் கல்வெட்டு என்று நான் பேச்செடுத்தபோது, எங்கள் குமாஸ்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பதிவு செஞ்சதா சார், செய்யாததா?"

அப்போது தேவகோட்டையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். 1942 ஆகஸ்டில் மக்கள் கொளுத்திய கோர்ட் ஊர் அது. ஜூனியருக்கு வேலை, சீனியர் வரும்வரை வாய்தா கேட்பது. மிச்ச நேரத்தில் அவருடைய அலமாரியில் இருந்த மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ் தொகுதிகளைப் புரட்டுவேன். 9ஆம் தொகுதியில் எங்கள் சிவகங்கை ஜமீன் வழக்கு. 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் காட்டம நாச்சியார் ஜெயித்த கதை. 12ஆம் தொகுதியில் ராமநாதபுரம் வழக்கு, 1868. கணவர் அனுமதி தராமல் இறந்துபோனால் ராணி சுவீகாரம் எடுக்கலாமா என்பது கேள்வி. சேதுபதி சீமையைக் கண்ணால் பார்த்திராத துரைமார்கள் ஸ்மிருதிகளையும் அவற்றின் உரைகளையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஐயமற நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தை மிஞ்சும் என்று முடிவு செய்தார்கள். பழைய சமயங்களின் சரித்திரத்தில் எனக்குப் பித்துப் பிடித்தது கோயிலில் அல்ல, இந்தத் தூசி படிந்த தோல் அட்டைப் புத்தகங்களில்.

பிறகென்ன, ஞாயிற்றுக்கிழமையானால் டி.வி.எஸ். 50ஐ எடுத்துக்கொண்டு குன்றக்குடிக்குக் கிளம்பிவிடுவேன். ஊரே சண்முகநாதரைப் பார்க்க மலையேறும். நான் மலையடிவாரத்தில் இருக்கிற பாண்டியர் காலக் குடைவரைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஞானியார் மலைக்குப் போவேன். அங்கே சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கை, அதையொட்டித் தமிழ் பிராமியில் ஒரு கல்வெட்டு. இத்தகைய குகை எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இலேயே கட்டுரை வாசித்துவிட்டார். சட்டம் படித்துவிட்டுக் கலெக்டர் உத்தியோகத்துக்குப் போன ஐராவதம் மகாதேவன், பிற்பாடு வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த எழுத்துகளுக்கே கொடுத்தார். ஆடு மேய்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. நான் புதையல் தேடுகிற ஆள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவர் ரகசியமாகப் பங்கு பேசினார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "சாமியும் இல்லாத பாறையில உங்களுக்கு என்ன வேண்டுதல்?" என்பாள் மனைவி.

எழுத்தும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார்பட்டிக் குடைவரையின் எழுத்தமைதியைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். வெளியானபோது எழுத்தமைதி போய்விட்டிருந்தது. 'வேண்டிய வரம் தரும் வலம்புரிப் பிள்ளையார்' என்ற தலைப்பில், நடை திறக்கும் நேரத்தோடு முடிந்திருந்தது. கட்சிக்காரர்கள் மூன்று பேர் அதைப் படித்துவிட்டு அர்ச்சனைத் தட்டோடு வந்தார்கள்.

அரசியல் தனிக்கதை. 1986 நகராட்சித் தேர்தலில் வார்டுக்கு நின்றேன். தெருமுனைக் கூட்டத்தில் சமணம் பற்றி நான் பேசியதைக் கேட்ட கட்சிச் செயலாளர் தனியே கூப்பிட்டு, "அண்ணே, தண்ணிக்குழாயைப் பத்திப் பேசுங்க. அந்த அம்மணச் சாமியாருங்களுக்கு இந்த வார்டுல ஓட்டு இல்ல" என்றார். அவர் கணக்குச் சரிதான். எனக்கும் அவ்வளவாக இல்லை.

ஆறுதலுக்கு முன்னோர்களைத் தேடிக்கொண்டேன். ரோமாபுரி சிசரோ வழக்காடினார், ஆட்சி செய்தார், கி.மு. 45இல் தெய்வங்களின் இயல்பைப் பற்றி நூல் எழுதினார். கடைசியில் தலையை வெட்டினார்கள். நம் வ.உ.சி.யும் வக்கீல்தான். கப்பல் விட்டதற்கும் மேடையில் பேசியதற்கும் சிறையும் செக்கும் கிடைத்தன, சன்னதும் பறிபோனது. பிறகு அது திரும்பி வந்தாலும் வறுமை விடவில்லை. அந்த வறுமைக்கு நடுவில் உட்கார்ந்து 1935இல் சிவஞான போதத்துக்கு உரை வெளியிட்டார், மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். ஆறுதல் தேடப் போன இடத்தில் எனக்குக் கொஞ்சம் குளிரெடுத்தது.

எங்கள் ஊரிலேயே ஒருவருக்கு எல்லாம் கைகூடியது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன். 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். 1962இல் சுதந்திராக் கட்சியில் நின்று காரைக்குடி எம்.எல்.ஏ. ஆனார். சிற்பங்களைப் பற்றி அவர் பேசினால் ஸ்தபதிகளே கேட்பார்கள். பிள்ளையார்பட்டித் தல வரலாறும் அவர் எழுதியதே. அவர் வக்கீல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்தா இல்லாத மனுஷருக்கு எதுவும் நடக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2015இல் எங்கள் மாவட்டத்துக் கீழடியில் தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா தென்னந்தோப்பைத் தோண்டப் போக, பானையோடு பானையாக நான் ஆசைப்பட்டதெல்லாம் வெளியே வந்தது. வழக்கறிஞர் கனிமொழி மதி தொடுத்த பொதுநல வழக்கில், கிடைத்த பொருட்களை மைசூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. மண்பாண்டம் கோர்ட் ஏறிவிட்டது! அமர்நாத்தின் 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025இல் மத்தியத் தொல்லியல் துறை கேட்டபோது, தெருவெங்கும் கண்டனச் சுவரொட்டி. கீழடியில் கோயில் தென்படவில்லை என்பதால் ஒரு கட்சி, பார்த்தாயா மதமே இல்லை என்கிறது. இன்னொரு கட்சி, இன்னும் தோண்டு என்கிறது. முப்பது வருஷம் குறுக்கு விசாரணை செய்தவன் என்ற முறையில், அகப்படாத சாட்சியை இரண்டு தரப்பும் இத்தனை தைரியமாகத் தன் சாட்சி என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், "சார் நீங்க எந்தப் பக்கம்?" என்கிறார்கள்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தூணும் முற்றமும் அழகுதான். அசல் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலைக்கதவும் எங்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்கின்றன. ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள், ஒருவர் மலேசியா, ஒருவர் அமெரிக்கா. பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் கடைசியில் வீட்டைப் பிரித்து மரத்தை விற்பதுதான் எல்லாருக்கும் சம்மதமான தீர்வாகிறது. அந்த வழக்குகளில் வந்த ஃபீஸில்தான் என் கல்வெட்டுப் புத்தகங்களை எல்லாம் வாங்கினேன்.

போன மாதம் இளைஞரணிப் பொறுப்பாளர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். மேடையில் பேசக் கீழடி பற்றி ஐந்து பாயிண்ட் வேண்டுமாம். ஞானியார் மலையையும் சேர்க்கட்டுமா என்றேன். "சமணமெல்லாம் வேண்டாம் சார், குழப்பம். வைகைக்கரை மட்டும் போதும்" என்றவர், எழுந்திருக்கும்போது ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். இந்தப் படிப்புக்காக என்னிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை, கட்டணம் நிர்ணயித்துப் பழக்கமும் இல்லை. பதினைந்து நாள் வாய்தா வாங்கியிருக்கிறேன்.