ரெண்டு வாய் கார்ப்பரேட்டருக்கு ஒரு வாய் புத்தி

வா கண்ணு, திண்ணையில உக்காரு. தாத்தன் விட்டுட்டுப் போன அம்பாசிடருக்கு ஜோடி வெபர் கார்ப்பரேட்டர் வாங்கப் போறயாமா? ஊரே பேசுது. பேஷ், தாராளமா வாங்கு சாமி. கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டக் காசில்லைன்னு உங்கப்பன் எங்கிட்ட வந்து பொலம்பினது வேற கதை. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத.

ஆர்டர் போடறதுக்கு முன்னால ஒரே ஒரு சோலி. பானெட்டைத் தொறந்து, எஞ்சின் ஹெட்டுல காத்து உள்ள போற ஓட்டை எத்தனைன்னு எண்ணிட்டு வா. நாலு சிலிண்டராச்சே, நாலு இருக்கும்னு நெனைப்ப. இருக்கறதே ரெண்டுதான். பங்காளிக ரெண்டு பேருக்குப் பொதுவா ஒரு கெணறு வெட்டுனாப்புல, ரெண்டு சிலிண்டருக்கு ஒரு ஓட்டைன்னு விட்டிருக்கறான். வெபர் ஒண்ணுக்கே ரெண்டு வாய். ஜோடின்னா நாலு. மிச்சம் ரெண்டு வாயை எங்க கொண்டு போய்ச் சொருகுவ? ஒண்ணை உங்காயாளுக்குக் குடுத்தாத் தேவலை, அதுக்குப் பேசறதுக்கு ஒரு வாய் பத்தறதில்லை.

"ஏனுங்க தாத்தா, இதே 1489 சி.சி. எஞ்சினை வெள்ளைக்காரன் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருல வெச்சு, ரெண்டு கார்ப்பரேட்டர் மாட்டி ஓட்டலீங்களா?"ன்னு கேப்ப. கேக்கோணும், படிச்ச புள்ளை. மாட்டுனான், 1955-ல. ரெண்டும் எஸ்.யூ., வெபர் இல்லை. கம்ப்ரஷனையும் ஏத்தித்தான் மாட்டுனான். அந்த வண்டில உக்காந்தது ரெண்டே பேரு. உன்ற வண்டில கெடாவெட்டுக்குப் போறப்ப ஒறம்பரை ஒம்பது பேரு, டிக்கில ஒரு மூட்டைத் தேங்கா.

செரி, கணக்குப் போட்டே பாத்தரலாம். இந்த எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா 1489 சி.சி. காத்தைக் குடிக்கும். நிமிசத்துக்கு 4000 சுத்து சுத்துனா, முழுசாக் குடிச்சாலே 2978 லிட்டருதான். நெசத்துல அத்தனையும் குடிக்காது. கடைவீதில நீ ஊந்து போறது 1500 சுத்துல. அப்ப அதுல பாதி கூட வேணாம். வாய் பெருசானா உள்ள போற காத்து மெதுவாத்தான் போகும். மெதுவாப் போற காத்துக்கு ஜெட்டுல இருந்து பெட்ரோலை உறிஞ்சத் தெம்பிருக்காது. ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி முக்கும், மொனகும், பொறவு நிக்கும். பின்னால டவுன் பஸ்காரன் ஆரன் அடிப்பான். மாட்டுன வெபரு பானெட்டுக்குள்ள இருக்கறது அவனுக்கு என்ன தெரியும்?

இப்ப உன்ற வண்டில உக்காந்திருக்கற எஸ்.யூ.வைப் பாரு. எச்.எஸ். 2. ஒரு இஞ்சுக்கு மேல எத்தனை அரைக்கால்னு சொல்றதுதான் அந்த 2. ஆக, வாய் ஒண்ணேகால் இஞ்சு. இங்கிலாந்துல செருப்பு யாவாரக் குடும்பத்துல பொறந்த ஸ்கின்னர் பசங்க கண்டுபுடிச்ச சாமான் இது. மொதல்ல வந்ததுல தோல் துருத்தியே வெச்சிருந்தானுக. பொறவுதான் பிஸ்டன் வந்துச்சு. எஞ்சின் எத்தனை காத்துக் கேக்குதோ அத்தனைக்குப் பிஸ்டன் தானா மேல ஏறி வழி விடும், போதும்னாத் தானா எறங்கும். வேணுங்கற அளவுக்கு மட்டும் வாயைத் தொறக்கற பழக்கம் அதுக்கு இருக்குது. உனக்கு வர்றதுக்கு இன்னுங் கொஞ்சம் நாளாகும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வை. மொதல்ல டேப்பட் பாரு. அக்கட்டால டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, பாயிண்ட் கேப் 15 தௌ இருக்குதான்னு கேஜ் விட்டுப் பாரு. டைமிங், ப்ளக், மேனிஃபோல்டு கேஸ்கட்டுல ஏர் எடுக்குதான்னு எல்லாம் பாரு. கார்ப்பரேட்டர் கெட்டுப் போச்சுன்னு அழுதுட்டு எங்கிட்ட வந்த வண்டில முக்காவாசிக்குப் பாயிண்டுதான் தீஞ்சு கெடந்துச்சு. அதைச் சொன்னா வந்தவனுக்கு மூஞ்சி சுருங்கிப் போகும். செலவு கம்மியாயிருச்சாம்!

இதெல்லாம் செரியா இருந்தாத்தான் கார்ப்பரேட்டர்ல கை வைக்கோணும். அதுக்கு முன்னால பீடியைத் தூரப் போட்டுட்டு வா. ஏர் ஃபில்டரைக் கழட்டி, பிஸ்டனை வெரல்ல தூக்கி விடு. 'டக்'குன்னு விழுந்து கீழ தட்டோணும். சொணங்கி எறங்குனா ஜெட்டு நடுவுல இல்லை, இல்லாட்டி உள்ள அழுக்கு. அழுக்குன்னா தின்னர்ல கழுவு. உப்புத்தாள் போட்டுத் தேச்சயோ, அப்பறம் நாம பேசிக்க வேண்டாம். அந்தப் பிஸ்டனும் மேல இருக்கற கூண்டும் சோடி. வேற வண்டிதை எடுத்து மாத்திப் போடாத. உச்சில திருகி எடுத்தா டேம்பர் வரும். அதுக்குள்ள 20-ஆம் நம்பர் ஆயில் ஊத்தோணும். அது வத்திப் போனா, மிதிச்ச ஒடனே பிஸ்டன் துள்ளி ஏறி, காத்துக் கூடி பிக்கப் செத்துப் போகும். இதுக்குத்தான் முக்காவாசிப் பேரு புதுக் கார்ப்பரேட்டர் வாங்கறானுக. ஊத்தறது என்னமோ ரெண்டு ஸ்பூனு எண்ணெய்.

இனி மிக்ஸர். அடில இருக்கற நட்டை மேல ஏத்தி, ஜெட்டை, அது எட்டிப் பாக்கற மேட்டோட மட்டம் பண்ணு. பாலம்னு சொல்றது அந்த மேட்டைத்தான். அங்கிருந்து ரெண்டு முழுச் சுத்துக் கீழ எறக்கு. அதான் ஆரம்பம். எஞ்சினை நல்லாச் சூடு பண்ணி, பிஸ்டனை அரை வீசம் இஞ்சு மட்டும் தூக்கிப் புடிச்சுக் காதைக் குடு. பாட்டை அமத்திட்டுக் குடு. சத்தம் ஏறி ஏறுனபடியே நின்னா பெட்ரோல் கூட, நட்டை மேல ஏத்து. கம்மி நிக்கப் பாத்தா பெட்ரோல் கம்மி, கீழ எறக்கு. இத்துணூண்டு ஏறிட்டு மறுக்காப் பழைய நடைக்கே வந்துட்டா, கையை எடுத்துரு. நல்லாருக்கறதை இன்னும் நல்லாப் பண்றேன்னு திருகறவன்தான் ராத்திரில என்ற ஊட்டுக் கதவைத் தட்டறான்.

இப்ப பங்க்ல ஊத்தற இ-20 பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். அதுல ஆக்சிஜன் கலந்தே வர்றதால பழைய செட்டிங்குக்குப் பெட்ரோல் பத்தாது. நட்டை ஒரு பட்டை, ரெண்டு பட்டை எறக்க வேண்டி வரும். பழைய ரப்பர் ஓசையும் வாசரையும் அது ஊறப் போட்டுத் தின்னுரும், மாத்திப் போடு. கொஞ்ச தூரம் ஓட்டிட்டுப் ப்ளக்கைக் கழட்டிப் பாரு. கரி கட்டிக் கறுப்பா இருந்தா ஏத்து, வெளுத்திருந்தா எறக்கு, பழுப்பா இருந்தாத் தொடாத.

அப்பறம் கண்ணு, வெபருக்குன்னு ஒதுக்குன காசு இருக்குதல்லோ? உன்ற வண்டிக்கு நாலு வீலும் டிரம் பிரேக்கு. உங்க தாத்தன் காலத்து லைனரு. அதைப் பாத்துட்டு மிச்சமிருந்தா அப்பனுக்கு மோட்டாரைக் கட்டிக் குடு. அதுக்கும் மேல மிச்சமிருந்தா, எனக்கொரு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கியா. கிழவிக்குத் தெரியாம வாங்கியா.