ஈர்க்குச்சியில் ஒரு சூரியன்

கேள்வி: ஹாலில் மாட்ட, சூரியன்போல் கதிர் விரிந்த கண்ணாடி கேட்டேன். 6,000 ரூபாயாம்! வீட்டிலேயே செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக! சூரியனைத் தன் சின்னமாக்கிக்கொண்ட பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையில் ஒரே கூடத்தில் 357 கண்ணாடிகள் பதித்தார். அவருக்குக் கஜானா தேவைப்பட்டது. உங்களுக்குப் புதுத் தென்னந்துடைப்பம் ஒன்று போதும்.

ஈர்க்கின் அடி தடித்து, நுனி மெலிந்திருக்கும். சூரியக் கதிருக்கு அதைவிட அழகான வடிவம் கிடையாது. 8 அங்குல ப்ளைவுட் வட்டத்தின் முதுகில், ஈர்க்குகளை நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றி, நெருக்கமாக ஃபெவிகாலால் ஒட்டுங்கள். காய்ந்ததும் மொட்டைமாடியில் வைத்துத் தங்க நிற ஸ்ப்ரே அடியுங்கள். பிறகு முகப்பில், அதே அளவில் ஓரம் தேய்த்து வாங்கிய வட்டக் கண்ணாடி.

கண்ணாடியை ஒட்டும் பசையில்தான் முழுக் கவனமும் வேண்டும். வினிகர் வாடையடிக்கும் சிலிக்கான் பசை, கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும். நாளடைவில் கரும்புள்ளி விழும். ‘நியூட்ரல் சிலிக்கான்’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்துக் காயவிட்ட பிறகே சுவரில் ஏற்றுங்கள். உங்கள் வீட்டுச் சூரியன் மறுநாள் உதித்தால் போதும்!