மாம்புரியில் இறங்கி வழி கேட்டவர்கள்

நான் சிறுவனாக இருந்தபோது, பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு மாம்புரித் தேத்தண்ணிக் கடைதான் தகவல் நிலையம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சனம் பஸ்ஸிலும் லொறியிலும் வந்து இறங்கும். "நானா, கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். கடைக்கார நானா தூரத்தோடு நிறுத்தமாட்டார். எந்த வளவுக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் கடல் ஆளை இழுக்கும், இரவில் எங்கே பாய் விரிக்கலாம் என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்புவார். சிங்களத்தில் கேட்டவர்களுக்குச் சிங்களத்திலேயே பதில். அவர் ஒரு முஸ்லிம். வழி கேட்டவர்கள் அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டு வந்த கத்தோலிக்கர்கள். அதை யாரும் ஒரு விசேஷமாக நினைத்ததில்லை.

இப்போது பயணிகளுக்குக் குறைவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறார்கள். தென்மேற்குக் காற்று எழுந்ததும் களப்பில் பட்டம் பிடித்து அலைமேல் ஓடுகிறவர்கள் வருகிறார்கள். வேன் நிற்பதில்லை. 2010இல் எழுந்த காற்றாலைகளைக் கண்ணாடிக்குள்ளிருந்தே படம் எடுக்கிறார்கள். 2011இல் இயங்கத் தொடங்கி இன்று 900 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வழியைக் கைபேசி சொல்லிவிடுகிறது.

வழி மட்டும்தான் சொல்கிறது. 1344இல் இப்னு பதூதா இந்தப் புத்தளக் கரையில் இறங்கினார் என்பதை யார் சொல்வது? 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் எழுதி நூலாக்கினார். வெளியூரான் நம் தீவை அறிய வழிகாட்டி எழுதியவர் நம் கரையின் பிள்ளை. அவர் பெயரைத் தாங்கிய ஒரு பலகையை இந்த வீதியில் நான் கண்டதில்லை. ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையில் கடற்படை இருக்கிறது. உள்ளே போக அவர்களைக் கேட்க வேண்டும் என்பதே வாசலுக்குப் போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம்கள் கட்டிய துணியோடு இந்தக் கற்பிட்டித் தீபகற்பத்துக்கு வந்தார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் முளைத்தன. இருந்த கிணறுகளில் ஊராரும் அகதிகளும் வரிசையில் நின்று அள்ளினோம். சண்டையும் வந்தது, சம்பந்தமும் நடந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பயணி பார்க்கவேண்டிய இடம் என்று யாரேனும் என்னைக் கேட்டால், டொல்பினுக்கு முன் அந்தக் குடியிருப்புகளைத்தான் சொல்வேன். வேடிக்கை பார்க்க அல்ல. ஒரு தேத்தண்ணி குடித்துப் பேசிவிட்டுப் போக.

இவற்றையெல்லாம் பயணிக்குச் சொல்ல மாம்புரி வீதியோரத்தில் ஓர் அறை போதும். மூன்று மொழியிலும் பலகை, ஒரு வரைபடம், காசிச்செட்டியின் நூல், குடிக்கத் தண்ணீர். உட்கார்ந்து பதில் சொல்ல ஊரில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பளத்தைக் கற்பிட்டிப் பிரதேச சபை கொடுக்கட்டும்.