இறுதி_மிகஇறுதி_2: பெயர்மாற்றவியலுக்கு ஒரு தோற்றுவாய்

பெயர் எதற்கு என்ற கேள்வியை முன்னோர் தீர்த்துவிட்டனர்: கூப்பிடுவதற்கு. வைத்த பெயரை ஏன் மாற்றுகிறோம் என்பதே இன்னும் தீராத வழக்கு. பெயர்மாற்றம் மூவகைப்படும். தானாக மருவுவது மக்கள் வேலை. அதில் முனைவர் பட்டத்துக்கு வழியில்லை. சோதிடர் சொல்லி எழுத்தைக் கூட்டுவது கட்டணத்துக்கு உட்பட்டது. மூன்றாவது, ‘இனி இதுதான்’ என்ற உறுதியோடு மாற்றுவது. ‘இறுதி’ என்று பெயர் பெற்ற எதுவும் இறுதியானதன்று என்பதே இம்மூன்றாம் வகை பற்றி இக்கட்டுரை நிறுவ முனையும் கோட்பாடு.

முதன்மைச் சான்று கணினிக் கோப்பு. எம்.எஸ்.டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. ஆங்கில ‘ஃபைனல்’ ஐந்து எழுத்து என்பதால் இரண்டாவது ஃபைனலுக்கு இடமே இல்லை. அக்கால மாந்தர் ஒரே முறையில் முடித்துக்கொண்டனர். விண்டோஸ் 95 இந்த வரம்பை 255 எழுத்தாக உயர்த்தியது. அன்று தொடங்கியது ஆய்வேடுகளின் பொற்காலம். ‘ஆய்வேடு_இறுதி’ மூலபாடம் (காண்க: டெஸ்க்டாப், மேற்கு மூலை). ‘ஆய்வேடு_இறுதி_திருத்தியது’ அதன் வழிநூல் (காண்க: பென்டிரைவ் பாடம், வைரஸால் செல்லரித்தது). ‘ஆய்வேடு_மிகஇறுதி_2_இதுதான்’ என்பதில் வரும் ‘இதுதான்’ இடைச்செருகல் என்பார் ஒரு சாரார், நெறியாளர் நான்காம் முறை திருப்பி அனுப்பியபோது எழுந்த ஓலம் என்பார் மறுசாரார் (காண்க: டி.டி.பி. மையப் பாடம், பக்க எண்கள் இல்லை; அதன் வாட்ஸாப் படி, முதல் இயல் மட்டும் கிடைக்கிறது; அதன் அச்சுப்படி, டீக்கறைக்கு அடியில் வாசிக்கத்தக்கது). ‘மிகஇறுதி’யில் ஒரு ‘2’ இருக்கிறதே, அப்படியானால் 1 எங்கே என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கருத்தரங்கு நடத்தலாம்.

இது சோம்பேறிகளின் கோளாறு, அரசுகளுக்கு ஆகாது என்பர் சிலர். கஜகஸ்தானின் இன்றைய தலைநகரம் 1961இல் செலினோகிராத் என்று பெயர் மாறியது. 1992இல் அக்மோலா, 1998இல் அஸ்தானா, 2019இல் நூர்-சுல்தான், 2022இல் மறுபடியும் அஸ்தானா. ஒவ்வொன்றும் மிகஇறுதியே. பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராத், 1924இல் லெனின்கிராத் என்றாகி, 1991இல் பழைய பெயருக்கே திரும்பிற்று. ஆனால் நகரைச் சூழ்ந்த மாகாணம் இன்றும் லெனின்கிராத் மாகாணமே. நம் தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ‘கண்ட்ரோல் இசட்’ அரசாணையாக வெளிவந்த அரிய தருணம் அது.

‘இறுதி’ பொய்யென்றால் ஏன் எழுதுகிறார்கள்? அது செய்தியன்று, வேண்டுதல். அடுத்தது ஆணாகட்டும் என்று பெண் குழந்தைக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயரிடும் வழக்கம் இங்கே உண்டு. அந்தப் பெயரைச் சுமந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக் கேட்டால், வேண்டியவர் யார், சுமந்தவர் யார் என்பது விளங்கும். பெயர்மாற்றவியலார் அவர்களிடம் போவதில்லை, கல்வெட்டுக்குத்தான் போகிறார்கள்.

இறுதி எதற்கு, தேதி போட்டால் போதுமே என்ற மறுப்பும் உண்டு. நாளை முன்னால் போட்டால் ஜனவரி 1ஆம் தேதிக் கோப்புக்குப் பக்கத்தில் டிசம்பர் 1ஆம் தேதிக் கோப்பு வந்து உட்காரும். ஆண்டை முன்னால் போட்டால் சிக்கல் தீரும். தீரும் வழியில் ஆய்வாளருக்கு வேலையில்லை.

மாற்றிய பெயர் உண்மையில் அழிவதில்லை. பயணப் பெட்டிகளில் ஒட்டும் சீட்டுக்குக் குடிபெயர்கிறது. மெட்ராஸ் 1996இலேயே சென்னையாகிவிட்டது. அதன் விமான நிலையக் குறியீடு இன்றும் எம்.ஏ.ஏ. பீட்டர்ஸ்பர்க்கின் குறியீடு எல்.இ.டி. அஸ்தானாவின் குறியீட்டை 2020இல் மெனக்கெட்டு என்.க்யூ.இசட். என்று மாற்றினார்கள். இரண்டே ஆண்டில் ஊர்ப் பெயர் திரும்பி வந்துவிட்டது, குறியீடு வரவில்லை.